லாயத்தில் விழுந்த முடி

ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால் கொன்றைப்பாடி என்றொரு சின்ன ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் சிங்காரதுங்க மகாராஜா. நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் அதற்கு எதிர்ச்சட்டம் போடுவார். பாவம், ஓலை எழுதுகிறவர்களுக்குத்தான் கை வலி.

மகாராஜாவின் உயிரெல்லாம் முத்துப்பந்தல் என்ற வெள்ளைக் குதிரை மேல். அதன் பிடரியையும் வாலையும் பார்க்கவே வழியில் ஜனங்கள் நிற்பார்கள். அந்த அழகுக்குக் காரணம் லாயக்காரி பொம்மக்கா. குட்டியாக வந்த நாளிலிருந்து அதை வளர்த்தவள் அவள். சீப்பைத் தொடும் முன் வாலில் எண்ணெய் தடவி, விரலாலேயே சிக்கெடுப்பாள். நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவாள். நிற்பது எப்போதும் பக்கவாட்டில்தான்.

அரண்மனையில் அலங்கார அதிகாரியாக நஞ்சுண்டப்பர் என்று ஒருவர் இருந்தார். தன் குடுமிக்குத் தினமும் ஜவ்வாது பூசி, சபையில் எல்லார் கண்ணிலும் படும்படி தலையைத் திருப்பித் திருப்பி உட்காருவார். ஒருநாள் மகாராஜா அதைப் பார்த்துவிட்டு, "நஞ்சுண்டப்பரே, குடுமி அழகுதான். ஆனால் என் குதிரை வாலுக்கு உறை போடக் காணாது" என்றார். சபையே சிரித்தது. நஞ்சுண்டப்பருக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாளே லாயத்துக்குப் போய்த் தரையில் கிடந்த முடியையெல்லாம் பொறுக்கி, வெள்ளித் தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"மகாராஜா, ஒரே நாளில் இவ்வளவு! இந்தப் பொம்பளை கையில் விட்டால் நவராத்திரி ஊர்வலத்துக்குள் குதிரை வால் மொட்டையாகிவிடும்."

மொட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மகாராஜா கிரீடத்தைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். அதன் காரணம் மகாராணிக்கும் நாவிதருக்கும் மட்டுமே தெரியும்.

"வாரினா நாலு முடி விழத்தான் செய்யும், மவராசா" என்றாள் பொம்மக்கா.

"கைப்பக்குவம் இருந்தால் ஒன்றுகூட விழாது! நாற்பது வருஷமாக இந்தக் குடுமியை நானே வாருகிறேன்" என்றார் நஞ்சுண்டப்பர்.

"அப்படியானால் நாளைக் காலையில் நீரே வாரிக் காட்டும்" என்றார் மகாராஜா. "ஒரு முடிகூடக் கீழே விழாவிட்டால், பொம்மக்காவுக்கு மொட்டையடித்து நாடு கடத்துவேன். முடி விழுந்தால் அந்த மொட்டை உமக்கு. இது என் ஆணை!"

பொம்மக்கா லாயத்துக்குத் திரும்பி, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "முடி போனா முளைச்சுக்கும். உன்னை விட்டுட்டு நான் எங்கேடா போவேன்?"

காலையில் சபை முழுவதும் லாயத்து முற்றத்தில் கூடிவிட்டது. நாவிதர் ஓரமாக உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஊர்வலக் கோலம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, மகாராஜா மணிமுடியோடு குதிரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கடிவாளத்தைப் பொம்மக்கா பிடித்துக்கொண்டாள். நஞ்சுண்டப்பர் தந்தச் சீப்போடு நேரே குதிரையின் பின்னால் போய் நின்றார்.

"சாமி, பின்னால நிக்காதீங்க, மிரண்டு துள்ளும். பக்கத்துல நில்லுங்க."

"சபையில் முதல் வரிசையில் நிற்கிறவன் நான். லாயக்காரியா எனக்கு நிற்கிற இடம் சொல்வது?"

"அதான் சாமி, பின்னால நிக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லை. வேண்டாம்."

அவர் கேட்கவில்லை. "சாமி, சொன்னாக் கேளுங்க" என்று அவள் மூன்றாவது தடவை சொல்லி வாய் மூடுவதற்குள், சீப்பை வாலின் அடியிலேயே குத்தி ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார்.

முத்துப்பந்தல் பின்னங்கால் இரண்டையும் தூக்கி ஒரு துள்ளுத் துள்ளியது. நஞ்சுண்டப்பர் புல்லுக்கட்டில் போய் விழுந்தார். மகாராஜா குதிரைக் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொம்மக்கா கடிவாளத்தை விடாமல் பிடித்து, "ஒண்ணுமில்லடா ராசா" என்று தடவிக்கொடுத்ததால் குதிரை அடங்கியது.

புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்த நஞ்சுண்டப்பரின் கையில் ஒரு கொத்து வால்முடி இருந்தது. ஆனாலும் மனுஷர் அசரவில்லை.

"மகாராஜா, ஜெயித்துவிட்டேன்! முடி கீழே விழக்கூடாது என்பதுதானே ஆணை? ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் என் கையிலேயே இருக்கிறது."

மகாராஜா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நியாயமாகத்தான் படுகிறது" என்று இழுத்தார்.

நாவிதர் கத்தியோடு எழுந்தார். தலையைக் குனிந்த பொம்மக்காவின் கண்ணில் தரையில் ஏதோ மின்னியது.

"சாமி சொல்றது சரிதான் மவராசா. கையில இருக்கிறது விழலை. அப்போ அந்த லத்தியில விழுந்து கிடக்குறது என்னது?"

எல்லாரும் பார்த்தார்கள். குதிரை லத்திக்கு நடுவில் மகாராஜாவின் மணிமுடி. மகாராஜாவின் கை மெதுவாகத் தலைக்குப் போனது. அங்கே வெயில் பட்டுப் பளபளவென்று வழுக்கை. மந்திரிகள் அத்தனை பேரும் அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள்.

"அதுக்குப் பேர் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மவராசாதான் சொல்லணும்" என்றாள் பொம்மக்கா.

மகாராஜா கீழே பார்த்தார்.

"முடி" என்றார். பிறகு, "என் முடி!" என்று சொல்லி, குதிரை மேலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தலையில் இருந்த முடி எப்போதோ விழுந்தது. அதை மறைத்த முடியும் இன்றைக்கு விழுந்தது. நஞ்சுண்டப்பரே, முடி விழுந்துவிட்டது. ஆணை ஆணைதான். உட்காரும்!"

நாவிதர் பொம்மக்காவைத் தாண்டி நஞ்சுண்டப்பரிடம் போனார். ஜவ்வாது மணக்க மணக்கக் குடுமி மடியில் விழுந்தது.

மகாராஜா தம் கைக் கடகத்தைக் கழற்றிப் பொம்மக்காவிடம் கொடுத்து, லாயம் முழுவதுக்கும் அவளையே அதிகாரியாக்கினார். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "உண்மையைச் சொல். இதெல்லாம் நீ போட்ட திட்டமா?" என்றார்.

"ஐயோ, இல்லை மவராசா. பின்னால நிக்காதீங்கன்னு மூணு தடவை மன்றாடினேன். ஒரு தடவை அவர் கேட்டிருந்தாலும், இந்நேரம் மொட்டை எனக்குத்தான்."