வேலை பார்த்த விகடகவி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், சேந்தன் என்றொரு விகடகவி இருந்தான். அரசவைக்குப் புறப்படுமுன் வெதுவெதுப்பான நல்லெண்ணெயை இரு கன்னங்களிலும் தடவி நீவிக்கொள்வது அவனுடைய நெடுநாள் வழக்கம். மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரிப்பார்கள், வராவிட்டால் விட்டுவிடுவார்கள். சேந்தனுக்கு அந்தச் சலுகை கிடையாது. காய்ச்சலானாலும் துக்கமானாலும் மன்னர் முன் நிற்கும்போது வாய் காதுவரை விரிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் அப்படி விரித்ததில் தாடை தேய்ந்து, கொட்டாவி விடும்போதுகூட வலித்தது.

"இன்றைக்கு ஒரு நாள் போகாமல் இருந்தால் என்ன?" என்று எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியபடி கேட்டாள் அவன் மனைவி குயிலாள்.

"ஏன் வரவில்லை என்று மன்னர் கேட்பார். அதற்கும் சிரிக்கும்படியாக ஒரு காரணம் சொல்ல வேண்டும். போய்விடுவதே மேல்."

அன்று விடியற்காலையில் மன்னர் வீரபூபதி மாடத்தில் நின்று எறும்புச் சாரை ஒன்றைக் கண்டிருந்தார். சும்மா போகும் எறும்பு ஒன்றுகூட அதில் இல்லை. அரசர்கள் எறும்பைப் பார்த்தால் குடிமக்களுக்குத்தான் ஆபத்து.

"என் நாட்டில் தொழில் இல்லாமல் சோறு உண்பவன் எவன்?" என்று அவையில் முழங்கினார்.

முதன்மை அமைச்சர் மார்த்தாண்ட நயினார் இப்படியொரு கேள்விக்காகவே காத்திருந்தவர். மன்னருக்குப் பக்கத்திலுள்ள விகடகவியின் இருக்கையில் தம் மகன் பெருநம்பியை அமர்த்திவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"மன்னர் பெருமானே, உழுதவன் நெல்லைக் காட்டுவான்; நெய்தவன் துணியைக் காட்டுவான். நம் சேந்தன் எதைக் காட்டுவான்?"

"பல்லைக் காட்டுவேன், நயினாரே" என்றான் சேந்தன்.

அவை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. எறும்புகள் இன்னும் அவர் கண்ணுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"சேந்தா, வரும் பௌர்ணமிக்குள் இந்நகரிலுள்ள எல்லாத் தொழிலிலும் வேலை பார்த்துவிட்டு வா. உனக்கு ஏற்ற தொழில் எது என்று இந்த அவையில் சொல். ஒரு தொழில் விட்டுப்போனாலும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

நயினாரின் மீசை மகிழ்ச்சியில் துடித்தது. எல்லாத் தொழிலையும் பழக ஏழு பிறவி போதாது என்பது அவருக்குத் தெரியும்.

"வேலை பார்த்தால் போதுமா, மன்னா?"

"போதும். வேலை பார்."

மறுநாள் சேந்தன் முக்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நெசவுக்கூடத்துக்குப் போனான்.

"வேலை பார்க்க வந்திருக்கிறேன்."

"நல்லது, தறியில் உட்காருங்கள்" என்றார் நெசவாளி.

"வேண்டாம். இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது" என்று முக்காலியைப் போட்டு அமர்ந்தான்.

இப்படித்தான் நகரெங்கும் வேலை பார்த்தான். ஊர் சிரித்தது. ஆனால் ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சேந்தன் உண்மையிலேயே தேடினான். விகடத் தொழில் அவனுக்கு அவ்வளவு அலுத்திருந்தது. அலுக்காத தொழில் ஏதேனும் கண்ணில் பட்டால் முக்காலியை அங்கேயே போட்டுவிட்டு மிச்ச வாழ்நாளை அதில் கழித்துவிடுவதென்று அவன் மனத்துக்குள் முடிவு செய்திருந்தான்.

நெசவாளி வலித்த தம் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். படகோட்டி, "அக்கரை சேர்ந்ததும் இக்கரையில் கூப்பிடுகிறார்கள், இக்கரை வந்ததும் அக்கரையில் கூப்பிடுகிறார்கள். எந்தக் கரையில் ஐயா நான் உட்காருவது?" என்றான். அரண்மனைச் சமையற்காரரோ, சமைத்து முடிப்பதற்குள் பசி செத்துவிடுகிறதென்று தம் வீட்டில் பழையசோறு உண்டார்.

கடைசியாக மாட்டு வைத்தியர் ஓதியப்பரின் தொழுவத்துக்குப் போனான். அங்கே, வாய்ப்புண்ணால் துடித்த செவலை எருது ஒன்றின் தாடையை நீவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து வெலவெலத்துப் போனான். அவன் அமைச்சரின் மகன் பெருநம்பி.

"ஐயா, அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் பண்டிதரிடம் அணியிலக்கணம் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்."

"உன்னை என் இருக்கையில் உட்காரவைக்கப் போகிறாராமே?"

"நான் விகடம் சொன்னால் இந்த எருதுகூடச் சிரிக்காது, ஐயா. இந்தத் தொழிலைக் கற்கிறேன் என்று ஒருமுறை கேட்டேன். சேர்த்து வைத்திருந்த மூலிகையை எல்லாம் சாக்கடையில் கொட்டினார். அன்று பண்டிகை. காலில் விழப்போனேன். 'சாணி நாறுகிற கையால் என்னைத் தொடாதே' என்று காலை இழுத்துக்கொண்டார்."

சொல்லிவிட்டு எருதின் பக்கம் திரும்பினான். மிரண்டு நின்ற எருது அவன் உள்ளங்கை பட்டதும் தலையைத் தாழ்த்தி, முழுப் பாரத்தையும் அவன் தோளில் சாய்த்தது. சேந்தன் பொழுது சாயும்வரை பார்த்திருந்தான். பெருநம்பியும் களைத்துத்தான் இருந்தான். ஆனால் அது எழுந்துபோக மனமில்லாதவனின் களைப்பு.

பௌர்ணமியன்று அவை கூடியது.

"மன்னா, இவன் எங்கும் துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை! முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்!" என்று நயினார் கொதித்தார்.

"நயினார் சொல்வது உண்மை" என்றான் சேந்தன். "செய் என்று மன்னர் பணித்திருந்தால் செய்திருப்பேன். பார் என்றார், பார்த்தேன். கண் வலிக்க, ஒரு தொழில் விடாமல் பார்த்தேன்."

மன்னரின் உதட்டோரம் அசைந்தது. "சரி, உனக்கு ஏற்ற தொழில் எது?"

"அலுக்காத தொழிலைத் தேடினேன், மன்னா. எல்லாத் தொழிலிலும் அலுப்பு இருக்கிறது. இனி ஒரு புது அலுப்பைக் கற்றுக்கொள்ள எனக்கு வயதில்லை. பழகிய அலுப்பே போதும். என் இருக்கையைத் திருப்பிக் கொடுங்கள்."

எறும்பைக் கண்ட நாள் முதல் சிரிக்காத மன்னர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருக்கை உனக்கே! பரிசாக என்ன வேண்டும், கேள்!"

தொழுவத்தில் கண்டதைச் சொல்லி அமைச்சரை அந்த அவையிலேயே தலைகுனிய வைத்திருக்கலாம். சேந்தன் அந்த ஆசையை விழுங்கினான்.

"என் முக்காலியில் நயினார் ஒரு நாள் உட்கார வேண்டும். ஓதியப்பரின் தொழுவத்தில், பொழுது சாயும்வரை, வாய் திறக்காமல் வேலை பார்க்க வேண்டும்."

"அப்படியே ஆகுக!" என்றார் மன்னர்.

தம்மை மாட்டுச் சாணத்தில் உட்காரவைத்து அவமதிப்பதாக எண்ணிக் கறுவியபடி போனார் நயினார். முக்காலியில் அமர்ந்தவர், உள்ளே மகனைக் கண்டதும் எழுந்தார். வாய் திறக்க முடியாது, அரச ஆணை. மறுபடி அமர்ந்தார். அன்று கன்று ஈனமுடியாமல் ஒரு பசு தவித்துக்கொண்டிருந்தது. திட்ட வழியில்லாததால் அவர் பார்த்தார். வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள்வரை குருதி நனைய அவருடைய மகன் கன்றை வெளியே எடுத்து, அதன் மூக்கைத் துடைத்து, மூச்சு வந்ததும் தன்னையறியாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பை நயினார் தம் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை.

பொழுது சாய்ந்தது. இனி நயினார் வாய் திறக்கலாம். மகனின் கையை, கழுவுமுன்பே, எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சேந்தன் எண்ணெய்க்குக் கை நீட்டியபோது கிண்ணத்தோடு நின்றது குயிலாள் அல்ல, நயினார். பட்டுச் சால்வையில் தைலக் கறை.

"நம்பி காய்ச்சியது" என்றார் குனிந்த தலையுடன். "எருதின் தாடைக்குப் போடுவதாம். தொழுவத்தில் நீ தாடையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறான்."

"பொருத்தம்தான், நயினாரே. அது வண்டியை இழுக்கிறது, நான் வாயை இழுக்கிறேன்."

நயினார் சிரிக்கவில்லை. "உன் வாயில் விழ இருந்த சோற்றைத் தட்டிவிடப் பார்த்தேன், சேந்தா. இன்றைக்கு நீ அவைக்கு வரவேண்டாம். மன்னரிடம் கேட்டுவிட்டேன்." பிறகு தைலத்தைக் கையில் ஊற்றி, பழக்கமில்லாத விரல்களால், விகடகவியின் கன்னத்தை மெதுவாக நீவத் தொடங்கினார்.

சேந்தன் கண்ணை மூடிக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.