நடுவில் வந்த குரல்

சீடனாக உட்காரும்போது தளவாய்க்குப் பாதித் தலை நரைத்திருந்தது. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

தளவாய் தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தில் இருந்தவர். வானத்தில் வரும் விமானங்களுக்கு வழி சொல்லி இறக்குவது அவர் வேலை. காலையில் ஒன்று வரும். அது போனபின் நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்டு முடித்தால் அடுத்தது வரும். அங்கே இளைஞர்கள் சிலருக்கு அவரே தொழில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

பெருநகர விமான நிலையத்தில் இரண்டாவது ஓடுபாதை திறந்தார்கள். விமானங்கள் பெருகின. ஆள் போதவில்லை என்று தளவாயை அங்கே மாற்றினார்கள். எத்தனை வருடம் வேலை பார்த்தவராக இருந்தாலும், புது நிலையத்துக்கு வந்தால் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறினால்தான் தனியாக உட்கார விடுவார்கள். இந்தத் தொழிலில் அப்படித்தான்.

தளவாய் ஒருமுறை தேறவில்லை. அடுத்த முறையும் தேறாவிட்டால் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவர் நாற்காலியில் அவரிடம் தொழில் கற்ற பையன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நிற்பதை நினைத்தாலே தளவாய்க்குச் சோறு இறங்காது.

குருவின் பெயர் நசீமா. இருவரும் ஒரே திரைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள். தளவாய் விமானங்களோடு பேசுவார். நசீமா கேட்டுக்கொண்டிருப்பார். நசீமாவின் கையில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் தளவாயின் குரல் அறுந்துவிடும். நசீமாவின் குரல்தான் வானத்துக்குப் போகும்.

அன்று மத்தியானம் நல்ல நெரிசல். பந்திக்கு நிற்பதுபோல விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது மெதுவாகப் போகிற சின்ன விமானம். பின்னால் வந்த பெரியது அதை நெருங்கிக்கொண்டே வந்தது.

"சார், இடைவெளி குறையுது" என்றார் நசீமா.

"பாத்துட்டுதான் இருக்கேன் மேடம். சரியா வந்துரும்."

பெரியதை விலக்கி ஒரு சுற்று சுற்றிவரச் சொல்லவேண்டும். தளவாய்க்கு அது வாயில் வரவில்லை. பழைய ஊரில் எந்த விமானத்தையும் அவர் காக்க வைத்ததில்லை. வாசலுக்கு வந்தவரை 'அப்புறம் வாங்க' என்று சொல்வதுபோல இருந்தது.

அவர் தொண்டையைச் செருமி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவர் குரல் பாதியில் நின்றது. நசீமாவின் குரல் கேட்டது. பெரியது வலப்பக்கம் திரும்பி மேலே ஏறியது.

அதுவரை 'சார்' என்று பேசிக்கொண்டிருந்த அந்த விமானி, "வணக்கம் மேடம்" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. வானத்தில் இருந்த மற்ற விமானிகளும் அதைக் கேட்டார்கள்.

கேன்டீனில் எட்வின் காத்திருந்தான். நசீமாவோடு வேலை பார்ப்பவன்.

"என்ன அண்ணாச்சி, நடுவானத்துல உங்க குரல் பொம்பளக் குரலா மாறிருச்சாமே! தொண்டைக்கு மிட்டாய் கிட்டாய் வேணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தளவாயும் சிரித்தார். கையில் இருந்த வடையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நசீமா தனியாக ஒரு மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். தளவாய் போய் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"உக்காந்து கேளுங்க சார்."

தளவாய் உட்காரவில்லை.

"ஒரு தடவ சொன்னீங்க. இன்னொரு தடவ காதோட சொல்லியிருந்தா நானே திருப்பியிருப்பேன்ல?"

நசீமா எலுமிச்சைச் சாதத்தைக் கிளறினார்.

"நானும் சொல்லிக்குடுத்தவன்தான் மேடம். ஒருத்தன் வாயையும் இப்படி அடைச்சதில்ல. தப்புன்னா தோளத் தொட்டுச் சொல்லுவேன். வானத்துல இருந்த அத்தன பேரும் கேட்டுட்டாங்க. இனிமே அவங்ககிட்ட நான் எந்த வாயை வச்சுப் பேச?"

"ஊறுகாய் வச்சுக்கிறீங்களா சார்?"

"வேண்டாம் மேடம்."

"நாளைக்குக் காலைல பயிற்சி அறைக்கு வாங்க. நான் சீடன். நீங்க குரு."

பயிற்சி அறையில் எல்லாம் மேலே வேலை செய்யும் அறையில் இருப்பதுபோலவே இருக்கும். விமானங்கள் மட்டும் பொய். கம்ப்யூட்டர் உண்டாக்கும் புள்ளிகள். பக்கத்து அறையில் எட்வின் உட்கார்ந்து, எல்லா விமானிகளும் தானே ஆகி, குரலை மாற்றி மாற்றிப் பதில் சொல்வான். பின்வரிசையில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நசீமா மேடம் வேலை செய்வதைப் பார்க்க வந்தவர்கள்.

நசீமா சீடனின் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டனைத் தளவாயின் பக்கம் நகர்த்தினார்.

"நான் தப்புப் பண்ணா அழுத்துங்க."

"நீங்க எங்க மேடம் தப்புப் பண்ணப் போறீங்க?"

"பண்ணா."

நசீமா வேலை செய்தது பார்க்க அழகாக இருந்தது. அவசரமே இல்லை. ஒன்றை இறக்கினார், ஒன்றை ஏற்றினார், ஒன்றைக் கொஞ்ச நேரம் சுற்றவிட்டார். பின்வரிசையில் யாரோ "சூப்பர்" என்று முணுமுணுத்தார்கள்.

பிறகு, வடக்கிலிருந்து வந்த விமானத்தை இறங்கச் சொன்னார். அது இறங்க வேண்டிய அதே உயரத்தில் கிழக்கிலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

தளவாய் அதை உடனே பார்த்துவிட்டார். விரல் பட்டனுக்குப் போனது. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். விரல் அங்கேயே நின்றது.

லேசாக இருமினார். நசீமா திரும்பவில்லை.

"மேடம்" என்றார் காதோடு. "அந்த வடக்க வர்றது..."

நசீமா வேறொரு விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், தப்பா நெனக்கக் கூடாது..."

திரையில் இரண்டு புள்ளிகளும் சிவப்பாகின. தளவாய் நசீமாவின் தோளைத் தொடக் கையை நீட்டினார். தொடுவதற்குள் புள்ளிகள் ஒன்றாகிவிட்டன.

"போச்சு" என்றது எட்வினின் குரல், இந்த முறை அவனுடைய சொந்தக் குரலில். "ரெண்டுமே போச்சு."

நசீமா காதிலிருந்ததைக் கழற்றி வைத்தார்.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"எப்ப?"

"நீங்க சொன்ன உடனேயே."

"பட்டன்?"

"விரல் அதுமேலதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

நேற்று எட்வின் கேலி செய்தபோது சிவக்காத தளவாயின் முகம் இப்போது சிவந்திருந்தது.

"பசங்க இருந்தாங்க" என்றார். "அவங்க முன்னாடி உங்க பேச்ச அறுக்க மனசு வரல. ஒரு மரியாதைக்குத்தான்..."

நசீமா திரையைப் பார்த்தார்.

"ஆமா சார். ரொம்ப மரியாதையா மோதிக்கிச்சு."