மன்னர் போட்ட ஐந்து கட்டம்

மருதங்கோட்டை ராஜா மார்த்தாண்ட பூபதிக்குப் புதிர்ப் பைத்தியம். தினமும் சபையின் நடுவே சுண்ணாம்பால் கட்டம் போடுவார். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. குறிப்பைச் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் நாள் குறிப்பு இது: "மூன்று கட்டம். தலையை எடுத்தால் முளைக்கும். நடுவை எடுத்தால் தூக்கம் வரும். முழுசாக இருந்தால் பரிசு கேட்கும்."

விகடகவி அம்பலவாணன் உடனே சொல்லிவிட்டான். "கவிதை, மன்னா. தலை போனால் விதை, நடு போனால் கதை."

மன்னருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை பெரிதாக ஐந்து கட்டம் போட்டார். "கால் இல்லாமல் ஓடும், திரும்பி நின்றால் திட்டும், வயிற்றுக்குள் ஒரு காய். விடை வரும்வரை நான் சாப்பிட மாட்டேன்."

மன்னர் சாப்பிடாமல் அரண்மனையில் யாரும் சாப்பிடக் கூடாது. அன்றைக்குப் பார்த்து விருந்துச் சமையல் வேறு. கூட்டு ஆறினால் திரும்பச் சுடவைக்க வேண்டும். அடிபிடித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

மந்திரி சடகோபர் எழுந்தார். "பல்லக்கு, மன்னா. தனக்குக் கால் இல்லை, ஓடுகிறது. திருப்பினால் தூக்குகிறவன் திட்டுவான்."

"வயிற்றுக்குள் காய்?"

"உள்ளே உட்கார்ந்திருப்பவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருந்தால்..."

"உட்காரும்."

உச்சி வெயில் சாய்ந்தது. அப்பளம் நமத்துவிட்டதாக ராணியம்மா ஆள் அனுப்பினாள். தளபதிக்குக் காது அடைத்தது.

"என்னப்பா அம்பலவாணா, நேற்று அவ்வளவு வாய், இன்றைக்குப் பூட்டா?" என்றார் சடகோபர்.

அம்பலவாணன் மன்னரையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற நாளில் தப்பாகச் சொன்னால் மன்னர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். இன்றைக்கோ, "அப்படியா? எப்படி வருகிறது, சொல்லும்" என்று ஒவ்வொருவர் வாயையும் ஆசையாகப் பார்த்தார், தொலைந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி.

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் சபையில் சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் பசியில் உயிர் போகும்.

"விடை கிடைத்துவிட்டது, மன்னா. காதில்தான் சொல்வேன்."

பக்கத்தில் போய்க் குனிந்தான். "மன்னா, காலையில் குளிக்கும்போது யோசித்த விடை குளித்து முடிப்பதற்குள் உங்களுக்கு மறந்துவிட்டது. எனக்கும் தெரியவில்லை. சாப்பிடப் போகலாமா?"

மன்னர் துள்ளி எழுந்தார். "சரியான விடை. இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. இலையைப் போடுங்கள்." கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டார்.

சடகோபருக்குப் பொறுக்கவில்லை. "நானும் அதே விடையைத்தான் நினைத்தேன், மன்னா. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கும் காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறது, சடகோபரே. வாரும், ரசத்தை ஊற்றி இறக்கிவிடுவோம்."