மழையில் நின்ற குடங்கள்

"என் தீர்ப்பு சரியானது. ஆனாலும் என் ஊர் எரிந்தது" என்றார் நம்பியாண்டான்.

பெருவளை ஏரிக்கரை அவையின் நீதிபதி ஆவுடையம்மை நிமிர்ந்து பார்த்தார்.

மகள் வயதுள்ள ஒருவரிடம் பாடம் கேட்க வந்திருக்கிறோமே என்ற கூச்சம் நம்பியாண்டானுக்கு இருந்தது. அவரும் நீதிபதிதான்; ஆற்றுக்கு அக்கரையில் தலை நரைக்கும்வரை தீர்ப்புச் சொன்னவர். ஆனால் வேறு போக்கிடம் இல்லை. பெருவளை அவை ஒன்றைச் சொல்லிவிட்டால் ஊர் அடங்கிவிடும் என்று நாடெங்கும் பேச்சு.

"என்ன வழக்கு, ஐயா?"

"தேர்தல் வழக்கு. தோற்றவர் என் அவைக்கு வந்தார். வாக்கு எடுத்ததில் சில குளறுபடிகள் நடந்தது உண்மை. அவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் வென்றவர் வென்றவர்தான். அதனால் வழக்கைத் தள்ளினேன்."

"பிறகு?"

"மாலைக்குள் இரண்டு தெரு சாம்பல். இரு பக்கமும் பிணம் விழுந்தது. என் தீர்ப்பில் பிழை எங்கே, அம்மா?"

ஆவுடையம்மை ஒரு மணைப்பலகையை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கள். இன்று எனக்கும் ஒரு தேர்தல் வழக்கு."

*

பெருவளையில் தண்ணீரை யாருக்கு எப்போது விடுவது என்று முடிவு செய்பவர் ஏரித்தலைவர். அந்தப் பதவிக்கு இருவர் நின்றார்கள். மேல்மடைக்காரர் கூத்தப்பெருமாள், செல்வர், நல்லவர் என்று பெயர் எடுத்தவர். கடைமடைக்காரர் சடையன். வாய்க்கால் முடிகிற இடத்தில், தண்ணீர் வருமா வராதா என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த மனிதர்.

ஆளுக்கு ஒரு முத்திரை வில்லை. வேண்டியவரின் குடத்தில் போட வேண்டும். போட்டு முடிந்ததும் குடங்களின் வாயைத் துணியால் கட்டி, களிமண் முத்திரை வைத்து, மாட்டுவண்டியில் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். கூத்தப்பெருமாளுக்கே வெற்றி. நல்ல வித்தியாசம்.

சடையன் அவையில் எழுந்து நின்றார்.

"வழியில் மழை வந்தது, அம்மா. காவலர் ஓடிவிட்டார்கள். குடங்கள் மழையில் நின்றன. முத்திரை கரைந்துவிட்டது."

காவலரில் மூத்தவரை அழைத்தார்கள்.

"ஓடினாயா?"

"சத்திரத்தில் ஒதுங்கினோம், அம்மா. இடி பலமாக இருந்தது."

"எவ்வளவு நேரம்?"

"மழை விடும்வரை."

"அப்போது வண்டிக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?"

"மாடுகள் இருந்தன, அம்மா."

யாரோ சிரித்தார்கள். ஆவுடையம்மை சிரிக்கவில்லை.

"குடத்தில் யாராவது கை வைத்ததைப் பார்த்தவர் உண்டா?" என்று சபையைக் கேட்டார்.

ஒருவரும் இல்லை.

"இல்லை என்று சத்தியம் செய்யக்கூடியவர் உண்டா?"

அதற்கும் ஒருவரும் இல்லை.

உச்சிப்பொழுதில் அவை கலைந்தது. நம்பியாண்டான் ஆவுடையம்மையின் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மா, நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. வழக்கு முடிந்து தலைவர் அமராமல் மடை திறக்காது. இருப்பது காவலரின் சோம்பல், அவ்வளவுதான். யார் வென்றார் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்."

"உங்களுக்குத் தெரிகிறதா?"

"தெரிகிறது."

"எனக்கும் தெரிகிறது" என்றார் ஆவுடையம்மை, மோர்க்கலயத்தைக் கீழே வைத்தபடி.

பிறகு அவைக்குள் போய்த் தீர்ப்பைச் சொன்னார்.

"கூத்தப்பெருமாள் தவறு செய்தார் என்று இந்த அவை சொல்லவில்லை. நடந்தது சரி என்று சொல்லவும் இந்த அவையால் முடியவில்லை. தேர்தல் செல்லாது."

நம்பியாண்டான் பலகையிலிருந்து எழுந்துவிட்டார். என்ன காரியம் செய்துவிட்டார் இந்தப் பெண்!

கூத்தப்பெருமாளின் ஆட்கள் கொதித்து எழுந்தார்கள். ஒருவன் கத்தினான்: "யார் வேய்ந்து கொடுத்த கூரைக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறாய்?"

அந்தக் கூரை கூத்தப்பெருமாள் கொடுத்தது. ஊருக்கே தெரியும்.

ஆவுடையம்மை எழுந்தார். மணையை எடுத்துக்கொண்டார். வெளியே நடந்து, வெயிலில் வெறும் தரையில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

"மீதியையும் கேளுங்கள்" என்றார். "மறுதேர்தல் நாளை."

சத்தம் அடங்கிப்போனது.

கூத்தப்பெருமாள் கூரைக்கடியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. பிறகு தன் ஆட்களை விலக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். வென்ற அன்று ஊர் போட்டுவிட்ட தலைமை மோதிரத்தை விரலிலிருந்து கழற்றி, ஆவுடையம்மையின் முன்னால் மண்ணில் வைத்தார்.

அவரும் அந்த வெயிலிலேயே உட்கார்ந்தார்.

நம்பியாண்டான் சுற்றிலும் பார்த்தார். காவலுக்கு ஒரு வேல்கூட இல்லாத அவை அது.

"சடையா" என்றார் ஆவுடையம்மை. "குடங்களை எப்படிக் கொண்டுபோனால் உனக்கு நம்பிக்கை வரும்?"

சடையன் இதை எதிர்பார்க்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

"எதற்குக் கொண்டுபோக வேண்டும், அம்மா? போட்ட இடத்திலேயே எண்ணினால் என்ன?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து மண்டபத்தில்தான் எண்ணி வந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"நாளை மட்டுமல்ல, இனி எப்போதும் அப்படியே" என்றார் ஆவுடையம்மை.

*

மறுநாள் ஏரிக்கரையில் விடிந்ததிலிருந்து வரிசை. கூத்தப்பெருமாளும் வரிசையில் நின்றார். நாற்று முற்றுகிறதே என்ற முணுமுணுப்பு இருந்தது. ஆனால் வில்லையைப் போடாமல் யாரும் போகவில்லை.

வெயில் சாய்ந்தபோது குடங்களைக் கவிழ்த்தார்கள்.

"யார் எண்ணுவது?" என்று கேட்டார் காவலர்.

ஆவுடையம்மை சடையனைக் கைகாட்டினார்.

சடையன் மண்டியிட்டு எண்ணினார். இரு குவியலிலிருந்தும் மாறி மாறி ஒவ்வொரு வில்லையையும் தூக்கிக் காட்டி, உரக்கச் சொல்லி, கூத்தப்பெருமாளின் கையில் கொடுத்தார். அவர் வாங்கிப் பார்த்து அடுக்கினார். கடைமடைக்காரர்கள் மூங்கில் கழிகளோடு சுற்றி நின்றார்கள். சடையன் சொல்லச் சொல்ல அவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

போகப்போக அந்தக் குரல்கள் மெலிந்தன.

சடையனின் குடத்து வில்லைகள் முதலில் தீர்ந்தன. கூத்தப்பெருமாளின் குவியல் பாதிதான் கரைந்திருந்தது.

நம்பியாண்டான் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு நொடியில்தான் அவர் ஊரில் முதல் கல் பறந்தது.

சடையன் நிறுத்தவில்லை. எதிராளியின் கடைசி வில்லைவரை எண்ணினார். தொண்டை கட்டிப்போயிருந்தது. எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். நேற்று வைத்த இடத்திலேயே, யாரும் தொடாமல், மண்ணில் கிடந்த மோதிரத்தை எடுத்து வேட்டித் தலைப்பில் துடைத்தார்.

கழிகள் அசையவில்லை.

"மடையைத் திறங்கள், தலைவரே" என்றார் சடையன். "எங்களுக்குக் கடைசியில்தான் வரும். சீக்கிரம் திறந்தால் சீக்கிரம் வரும்."

கூத்தப்பெருமாள் கையை நீட்டினார். மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டார்.

மடை திறந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலில் இறங்கியது. ஊர் முழுக்க அதன் பின்னால் ஓடியது, கழி வைத்திருந்தவர்களும்.

நம்பியாண்டான் ஓடவில்லை. அப்படியே நின்றார். கோபுரத்தை முதன்முதலில் அண்ணாந்து பார்த்த நாளில் வந்த மலைப்பு, இத்தனை வயதுக்குப் பிறகு மறுபடி அவருக்கு வந்திருந்தது. இங்கே கோபுரம் எதுவும் இல்லை. ஒரு கரை, இரண்டு காலிக் குடங்கள், அவ்வளவே.

மெல்ல ஆவுடையம்மையிடம் வந்தார்.

"அம்மா, அதே ஆள்தான் வென்றார். ஏறக்குறைய அதே வித்தியாசம். என் தீர்ப்பும் இதைத்தானே சொன்னது?"

ஆவுடையம்மை உதட்டில் விரல் வைத்தார். கரைக்குக் கீழே கண்ணைக் காட்டினார்.

கடைமடைக் கிழவி ஒருத்தி தாமதமாக வந்து, மூச்சு வாங்க, சடையனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரப்பா ஜெயித்தது?"

"கூத்தப்பெருமாள், ஆத்தா."

"இந்தத் தடவையும் ஏமாற்றிவிட்டார்களா?"

"இல்லை ஆத்தா" என்றார் சடையன். "நானே எண்ணினேன்."