அம்மா உட்காரும் பலகைக்குக் கீழே

"அம்மா, படகுக்குப் புதுக் கார்பெட் வேணும்" என்றார் மாசிலாமணி.

"பழசுக்கு என்ன?"

"ஏறுற இடத்துல கிழிஞ்சு போச்சு. போன வாரம் எங்க அக்கா கால் மாட்டி விழுந்துட்டா. முட்டியில ரத்தம்."

அணை நீருக்கு நடுவே சின்னத் தீவு. அதில், எல்லாரும் அம்மா என்று அழைக்கும் துறவியின் குடில். பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றி வருவது மாசிலாமணியின் வேலை. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அம்மா அவரைவிட வயதில் மிகவும் சிறியவர்.

படகு, ஒரு காலத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றியது. தரை முழுவதும் ஒரே விரிப்பாக நீலக் கார்பெட். அதன் ஓரமெல்லாம் பிரஸ் பட்டன். தரையில் பதித்த குமிழ்களில் வைத்து அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"'சாமியாராப் போனவனுக்கு ஒரு கந்தலைத் தைக்கத் தெரியலையாடா'ன்னா. நாளைக்கு வர்றா. இன்னொரு தடவை விழுந்தா இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாளாம்."

சொல்லிவிட்டு மாசிலாமணி குனிந்துகொண்டார். வீட்டை விட்டு வந்தவரைத் தேடி வருகிற ஒரே உறவு அந்த அக்காதான்.

"உங்களைப் பார்க்க வர்ற மில்காரர் புதுசு வாங்கித் தர்றேங்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"முதல்ல பழசைக் காட்டுங்க."

மாசிலாமணி படகில் இறங்கிக் கார்பெட்டின் முனையைப் பிடித்து இழுத்தார்.

"பட்டனைப் பிடிச்சுத் தூக்குங்க. துணியை இழுத்து இழுத்தே பாதியைக் கிழிச்சிருக்கீங்க."

கரையில் விரித்தார்கள். ஏறும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரம் நெடுக ரோமம் தேய்ந்து அடித்துணி தெரிந்தது. முன்பக்கம் மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளிச்சென்று இருந்தது.

"இது எந்த இடம்?"

"நீங்க உட்கார்ற பலகைக்குக் கீழம்மா. நீங்க கால் வைக்கிற இடம்."

"ஏன் தேயலை?"

"யாரையும் மிதிக்க விடமாட்டேனே! பிள்ளைங்க கால் பட்டாலும் அதட்டிருவேன். எல்லாரும் ஓரமாச் சுத்தித்தான் போவாங்க."

"அதான் ஓரம் தேஞ்சிருக்கு."

மாசிலாமணி தேய்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கத்தரி இருக்கா?"

"அம்மா, அது வேண்டாம்."

"கத்தரி இல்லையா?"

"இருக்கு."

அம்மா ஓட்டையைச் சுற்றிச் சதுரமாக வெட்டினார். வெட்டிய கந்தலை நல்ல இடத்தின் மேல் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டார். மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தரி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெட்டிய துண்டைத் தடவிப் பார்த்துத் திருப்பி வைத்தார் அம்மா. "ரோமம் ஒரே பக்கமாச் சாயணும். இல்லேன்னா ஒட்டுன்னு தனியாத் தெரியும்."

அடியில் பழைய கித்தான் துணி கொடுத்துப் பசை தடவினார். வலை பின்னும் நூலால் சுற்றிலும் தைத்தார். எங்கே ஒட்டு என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை.

மாசிலாமணி வாய் பிளந்து நின்றார். "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்க அப்பா பஸ் சீட் தைக்கிறவர்."

திரும்ப மாட்டும்போது கடைசிப் பட்டன்கள் வழக்கம்போல் குமிழுக்கு எட்டவில்லை. மாசிலாமணி மூச்சைப் பிடித்து இழுத்தார்.

"போன மாசம் துவைச்சுப் பாறையில காயப்போட்டீங்களே, அதுல சுருங்கிருச்சு. தண்ணி தெளிங்க. ஈரத்தோட மாட்டி, இருக்கிற இடத்துலயே காய விடுங்க."

எட்டியது. டிக், டிக்கென்று எல்லாம் மாட்டிக்கொண்டன.

முன்பக்கம் மட்டும் ஒரு சதுரம் வெறும் பலகையாகத் தெரிந்தது. மாசிலாமணி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அங்கே விரிக்கப் போனார்.

"துண்டு உங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அம்மா குடிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அம்மாவும் படகில் அக்கரைக்கு வந்தார். அக்கா கரையில் நின்று படகின் தரையையே பார்த்தாள். ஒரு காலை நீட்டிப் பெருவிரலால் அழுத்தினாள். பிறகு முழுப் பாதத்தையும் வைத்தாள்.

"பரவாயில்லையேடா! மெத்துமெத்துன்னு இருக்கு."

வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் அம்மாவின் பாதங்களைப் பார்த்தாள். ஈரப் பலகையில் இருந்தன.

"ஏண்டா, சாமி கால் வைக்க ஒரு விரிப்பு போடக் கூடாதா? பெரிய சீடன்! ஏம்மா, உங்க கார்பெட் எங்கம்மா?"

அம்மா சிரித்தார்.

"இப்ப மிதிச்சுத்தானே ஏறினீங்க."