பஞ்சர் கடைக்காரர் வீட்டு மீன்தொட்டி

தலகாணிய இழுத்துப் போட்டுக்கோ. நடுநடுவுல "ம்" கொட்டணும், சரியா? கொட்டலேன்னா நீ தூங்கிட்டேன்னு நான் எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பஞ்சர் கடைக்காரர் இருந்தாரு. பேரு மாசிலாமணி. அவர் பொண்டாட்டி தெய்வானை சந்தையில காய்கறி விக்கிறவ. போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் பேசுவா. அவளுக்கு என்னாச்சுன்னா, மழையில படியில வழுக்கி மடார்னு விழுந்து, கால் உடைஞ்சு போச்சு. மாவுக்கட்டு போட்டு, "அசையாம படுத்திருக்கணும்"னுட்டாரு டாக்டர்.

அப்புறம் என்ன, சுவத்தையே பாத்துக்கிட்டு படுத்திருந்தா. சாப்பிட்டியான்னு கேட்டா தலைய ஆட்டுவா, அவ்ளோதான். மாசிலாமணிக்கு வீட்டுக்குள்ள நுழையவே பயமா இருந்துச்சு. அவ்வளவு அமைதி.

"ம்."

அப்போ ஒரு நாள், கலர் மீன் விக்கிற சபீனாக்கா பஞ்சர் ஒட்ட வந்தாங்க. வண்டியில ஒரு கவர் தொங்குது, உள்ள செவப்பு மீனுங்க சுத்திச் சுத்தி வருது. மாசிலாமணி டயர விட்டுட்டு அதையே பாக்குறாரு.

"அக்கா, இத கட்டில்ல படுத்துக்கிட்டே பாக்குற மாதிரி வைக்க முடியுமா?"

"வைக்கலாம். ஆனா தொட்டியில தண்ணி பழகின பொறவுதான் மீனு. அவசரப்படக் கூடாது."

அன்னிக்கே ஒரு பழைய கண்ணாடித் தொட்டிய வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சாரு. கலகலன்னு கூழாங்கல்லக் கழுவிப் போட்டாரு. சளசளன்னு தண்ணி ஊத்துனாரு. அப்போ மூலையில சொட்... சொட்... சொட்.

அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் என்ன? பஞ்சர் டியூபுக்கு ஒட்டுற பட்டைய ஒட்டுனாரு. மறுபடியும் சொட்... சொட்.

கட்டில்லேர்ந்து ஒரு குரல். "தண்ணிய எறக்கிட்டு, நல்லா காயவிட்டு, கண்ணாடிப் பசை போடுங்க."

மாசிலாமணி திரும்பிப் பாத்தாரு. எத்தனையோ நாள் கழிச்சு அவ முழுசா ஒரு பேச்சு பேசியிருக்கா. ஓடிப்போய் பசை வாங்கிட்டு வந்தாரு. ஒழுகல் நின்னுச்சு.

அப்புறம் குழாத்தண்ணியில இருக்குற குளோரின் முறிய சொட்டு மருந்து விட்டு, பச்சைச் செடி நட்டு, தண்ணிக்குள்ள காத்து விடுற மோட்டார ஓடவிட்டாரு. வெறும் தொட்டி. தினமும் சபீனாக்கா கடையில போய் நிப்பாரு. "இன்னிக்குக் குடுங்களேன்?" "இன்னிக்கு இல்ல." வாரக்கணக்கா இதே பாட்டு. கடைசியில ஒரு நாள் அவங்களே தண்ணிய சோதிச்சுப் பாத்துட்டு, "சரி, எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க.

மீன கவரோட தொட்டித் தண்ணியில மிதக்கவிட்டு, மெதுவா கவர் வாயத் திறந்தாரு. சுர்ருன்னு வெளிய வந்துச்சு பாரு, மீனுங்க. வீடே வேற மாதிரி ஆயிடுச்சு.

"அத்தை, செவப்பா?"

செவப்பு, கறுப்பு, ரெண்டும். சந்தோஷத்துல நம்மாளு என்ன பண்ணாரு, தீனிய கைநிறைய அள்ளிப் போட்டாரு. மறுநாள் தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெளுத்துப் போச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது.

"யார் இப்படி அள்ளிப் போட்டது?" தெய்வானை போனப் போட்டு சபீனாக்காகிட்ட கேட்டா. கொஞ்சம் தண்ணிய மாத்தச் சொன்னாங்க, தீனிய நிறுத்தச் சொன்னாங்க. தண்ணி தெளிஞ்சுது. அதுலேர்ந்து தீனி டப்பா தெய்வானை தலமாட்டுல. படுத்தபடியே கைய நீட்டி, ஒரு சிட்டிகைக்கு மேல விடமாட்டா.

"ம்..."

அப்போதான் பெருசா ஒண்ணு வந்துச்சு. சாயங்காலம் ஊய்ங்னு காத்து, தடதடன்னு மழை, பட்டுன்னு கரண்ட் போச்சு. மோட்டார் நின்னு போச்சு. நேரம் ஆக ஆக மீனெல்லாம் மேல வந்து ப்ளுக், ப்ளுக்னு மூச்சுக்குத் தவிக்குது. மாசிலாமணி காத்து கலக்கட்டும்னு தொட்டித் தண்ணியையே குவளையால மொண்டு மொண்டு ஊத்துறாரு. கை ஓய்ஞ்சு போச்சு. கரண்ட் வரல.

"காத்துதானே வேணும்?"ன்னா தெய்வானை. "நீங்க நாள் முழுக்க வேற என்ன பண்றீங்க?"

மழையிலயே கடைக்கு ஓடுனாரு. புது டியூப், கால் பம்பு, மெல்லிசு ஓஸ், எல்லாத்தையும் அள்ளிட்டு வந்தாரு. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சு, டியூபு வாயில ஓஸ மாட்டி, இன்னொரு முனைய அவ கையில குடுத்தாரு. அவ அத தண்ணிக்குள்ள பிடிச்சா.

குபு குபு குபு.

மீனுங்க மெதுவா கீழ இறங்குச்சு. டியூபு தளரத் தளர இவர் மிதிக்கிறாரு, அவ பிடிச்சுக்கிட்டே சந்தைக்கதையெல்லாம் சொல்றா. தக்காளிக்காரம்மா சண்டை, தராசு திருடுன குரங்கு, எல்லாம். கரண்ட் வந்தது கூட ரெண்டு பேருக்கும் தெரியல.

விடிஞ்சதும் அவ கூப்புடுறா. "இங்க வாங்க. மெதுவா, மெதுவா."

செடிக்கு நடுவுல, கடுகுக்குக் கண்ணு வச்ச மாதிரி, குட்டி குட்டியா மீனு. ஒரு செவப்பி ராத்திரியே குட்டி போட்டிருக்கு; முட்டை போடாம குட்டியே போடுற ஜாதி அது.

"எத்தனை?"ன்னாரு மாசிலாமணி.

"எண்ண விட்டாத்தானே? ஒரு இடத்துல நிக்குதா பாருங்க." சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. ஜன்னல் வழியா தெருவையே கூப்புட்டா. வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து சொன்னா. மாசிலாமணி அன்னிக்குக் கடை திறக்கவே இல்ல. கட்டில் ஓரமா உக்காந்து அவ பேசுறதையே கேட்டுக்கிட்டு இருந்தாரு.

அவ்ளோதான் கண்ணு. மீனும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடு.

என்ன, "ம்"மக் காணோம்?