வெண்கலப் பானை இடி

கிரேக்க தேசத்தில் சால்மோனியஸ் என்று ஒரு ராஜா. சமையற்கட்டு வெண்கலப் பானைகளைத் தேருக்குப் பின்னால் கட்டித் தெருத்தெருவாகக் கடகடவென்று இழுத்துப் போவான். "கேட்டீர்களா என் இடியை? இடிக்கடவுள் ஸீயஸ் இனி நான்தான்!" என்பான். மகள் டைரோ வெட்கத்தில் தலைகுனிவாள்.

பானைகளைப் பறிகொடுத்த சமையல்காரி மிர்ட்டோ ஒருநாள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறாயா? நாளைக்கு ஸீயஸுக்குச் செய்கிற பலியை எனக்குச் செய். முறையில் இம்மி பிசகினாலும் உன் தலை இருக்காது!"

"பிசகாது, மகாராஜா."

மறுநாள் ராஜா பசியோடு பலிபீடத்தில் ஏறி உட்கார்ந்தான். மிர்ட்டோ காளையை வெட்டி, எலும்பையும் கொழுப்பையும் அவன் முன்னால் தீயில் போட்டாள். கறியை முழுக்கச் சுட்டு ஊர் ஜனங்களுக்குப் பரிமாறினாள். டைரோவும் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பங்கு எங்கேடி?" என்று ராஜா இருமினான்.

"மூக்கில் ஏறுகிறதே, அதுதான். ஸீயஸ் என்றைக்குக் கறி சாப்பிட்டார்? புகை கடவுளுக்கு, கறி மனுஷருக்கு. முறை பிசகினால் என் தலை போய்விடுமே!"

ராஜா பல்லைக் கடித்தான். கறி மணத்தது. கடைசியில் இறங்கி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மிர்ட்டோ கறியை வைக்கவில்லை. "கடவுளுக்கா, மனுஷனுக்கா?"

"மனுஷனுக்குத்தான்."

"அப்படியானால் முதலில் என் பானைகளை அவிழ்த்துக் கொடுங்கள். ராத்திரிச் சமையலுக்கு வேண்டும்."